கன்னிசன் பள்ளத்தாக்கில் ஒரு கல் உயர அணைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மோனார்க் கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கினால், கொஞ்ச தூரத்தில் பைன் மரங்கள் விலகி, சாம்பல் பூத்த சேஜ்பிரஷ் புதர்கள் தொடங்கிவிடுகின்றன. கன்னிசன் ஊரைச் சுற்றி எங்கும் இதே புதர்தான். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். நம்ம மரிக்கொழுந்தின் பங்காளி; இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினம்.

சுமார் 7,700 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மழை குறைவு. பனி உருகி வரும் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. வெப்பம் கூடக் கூட அந்தப் பனி முன்னதாகவே உருகி ஓடிவிடுகிறது, கோடையில் புல் சீக்கிரமே காய்கிறது.

புதர்க்காட்டின் நடுவே ஓடையோரமாக ஈரப் புல்வெளிகள் உண்டு. பரப்பில் சொற்பம்தான். ஆனால் கன்னிசன் சேஜ் குரவுஸ் என்ற காட்டுக்கோழி கோடையில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வருவது இங்கேதான். பூச்சியும் இளந்தழையும் வேறு எங்கே கிடைக்கும்? 2000-இல்தான் இதைத் தனி இனம் என்று அறிவித்தார்கள். 2014-இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. மிச்சமிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரே பள்ளத்தாக்கில் வாழ்கிறது.

பழைய வண்டித்தடங்களும் அளவுமீறிய மேய்ச்சலும் ஓடைகளை அரித்துக் குடைந்துவிட்டன. ஓடை ஆழமாக இறங்கினால் மண்ணின் ஈரமும் கூடவே இறங்கும். புல் செத்து, அந்த இடத்தைப் புதர் பிடித்துக்கொள்ளும்.

அதைச் சரிசெய்யும் வேலையைப் பார்க்கத்தான் போனேன். அமெரிக்க வனத்துறையில் இருந்த பில் ஜீடைக் பரப்பிய முறை இது. ஓடையின் குறுக்கே கற்களை நெருக்கி அடுக்குகிறார்கள், உயரம் ஒரே ஒரு கல். வரும் தண்ணீர் வேகம் தணிந்து, பரவி, வண்டலை விட்டுவிட்டுப் போகிறது. வண்டலில் கோரை வேர்பிடித்த பிறகு மேலே இன்னொரு வரிசை வைக்கலாம். 2012-இலிருந்து நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, அரசுத் துறைகள், தன்னார்வலர்கள், மாட்டுப்பண்ணைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இங்கே செய்துவருகிறார்கள்.

எங்களைக் கூட்டிப்போன பண்ணைக்காரர் கோரையை விலக்கிக் கல்லைத் தேடிக் காட்டினார். அவருக்கு மாட்டுத் தீவனக் கவலை. கோழி பற்றிப் பேச்சு வந்தபோது, "ஈரம் நின்றால் இரண்டும் பிழைக்கும்" என்றார். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான். பறவைக்காகப் பண்ணைக்காரரை விரட்டவில்லை, பண்ணைக்காகப் பறவையைக் கைவிடவும் இல்லை.

போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள். மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை இந்தக் காட்டுக்கோழிகள் இணைசேரக் கூடும் காலம் என்பதால், பல மண்சாலைகளை வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள்.