2.3-ஆ, 3.7-ஆ: வைவாவில் நான் மாட்டிக்கொண்ட இடம்

எம்.எஸ்சி இயற்பியல் கடைசி செமஸ்டரில் கிராஃபீன் நானோரிப்பன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளின் மிகக் குறுகிய நாடா) பற்றி புராஜெக்ட் எடுத்தேன். எங்கள் துறையில் அணுக்களைப் பார்க்க உதவும் டனலிங் மைக்ராஸ்கோப் கிடையாது. எல்லாம் கட்டுரை வாசிப்புதான்.

செய்முறையை ஒப்பிப்பது சுலபம். 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகமும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் குழுவும் காட்டிய வழி அது. புரோமின் ஒட்டிய பையாந்த்ரில் என்ற கார்பன் வளைய மூலக்கூறுகளை மிகை வெற்றிடத்தில் தங்கப் படிகத்தின் (111) என்ற தளத்தில் படிய விடுவார்கள். சுமார் 200 டிகிரி செல்சியஸில் புரோமின் கழன்று மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்க்கும். 400-இல் ஹைட்ரஜனும் போய், ஏழு கார்பன் வரிசை அகலத்தில் தட்டையான ரிப்பன் வந்துவிடும்.

அம்மாபேட்டைத் தறிச்சத்தத்தில் வளர்ந்தவன் நான். பாவு இழை எண்ணுவதுபோல வரிசைகளை எண்ணிக்கொண்டேன். சேலையில் ஓர் இழை கூடினால் யாருக்கும் தெரியாது. இங்கே ஏழு எட்டானால் ஆற்றல் இடைவெளியே (எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) வெகுவாகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு தயாராகப் போயும் வைவாவில் தேர்வாளரின் முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். “ஏம்ப்பா, தங்கம் எதுக்கு? கண்ணாடி ஆகாதா?”

“தட்டையா, சுத்தமா இருக்கும் சார்.”

“சரி. தனி ரிப்பனுக்குக் கணக்குப் போட்டா இடைவெளி சுமார் 3.7 எலக்ட்ரான் வோல்ட். தங்கத்து மேல அளந்தா 2.3. எது தப்பு?”

அளவீட்டுப் பிழை என்று உளறினேன். இரண்டு எண்களுமே சரிதான்; தங்கம் வெறும் தட்டையான மேடை அல்ல. புரோமினைக் கழற்றும் வினையூக்கியே தங்கம்தான். அதே மூலக்கூறைச் செம்பின் (111) தளத்தில் போட்டால் வேறு விளிம்புள்ள ரிப்பன் வளரும். இடைவெளிக் கேள்விக்கு வந்தால், ரிப்பனில் ஓர் எலக்ட்ரான் ஏறினால் கீழே உலோகத்தில் எதிர் மின்னூட்டம் திரண்டு அதைத் தாங்குகிறது. ஏற ஆகும் செலவு குறைய, இடைவெளியும் குறைகிறது. ஆகவே எந்த எண்ணைப் படித்தாலும், எதன் மேல் வைத்து அளந்தது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டனலிங் மைக்ராஸ்கோப்பில் மின்னழுத்தத்தை மாற்றி எடுக்கும் வரைபடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ரிப்பனின் முகடுகள் −0.7, +1.6 வோல்ட் அருகே வரும். வெறும் தங்கத்தின் மேற்பரப்பு நிலையும் (மேற்பரப்பிலேயே தங்கும் எலக்ட்ரான் நிலை) −0.5 அருகே தலைகாட்டும். பக்கத்து வெறும் தங்கத்தில் எடுத்த வரைபடத்தோடு ஒப்பிடாமல் எந்த முகட்டையும் ரிப்பனுடையது என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த நேர்காணலுக்கு நண்பனோடு ஏற்காடு பஸ்ஸில் படித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு கேள்வி. பாதி மலையில் கேட்டான்: “ரிப்பனை உப்புப் படலத்து மேல தள்ளி வச்சா?”

“உலோகம் தள்ளிப்போகுதே, இடைவெளி கூடும்டா” என்றேன், கம்பியைப் பிடித்துக்கொண்டே.