மொட்டை மாடியில் ஒரு மணி நேரம்

வியாழக்கிழமை இரவு எட்டரை. கேமரா அணைந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கிறது, கீழே எங்கோ குக்கர் விசில். "மேடம், மாடிக்கு வந்துட்டேன். அம்மா மேல வந்தா 'நோட்ஸ் அனுப்புறேன்'னு சொல்லிட்டு வெச்சிடுவேன்." இது முதல் நாளே நாங்கள் பேசிவைத்துக்கொண்டது. ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆன்லைனில் கவுன்சலிங் ஆரம்பித்த புதிதில், நெட் ஒழுங்காக இருந்தால் போதும் என்று நினைத்தேன். இப்போது முதல் அமர்வில் பாதி நேரம் வேறு கேள்விகளுக்கே போய்விடுகிறது. எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? லைன் அறுந்தால் நான் திரும்பக் கூப்பிடலாமா, கூடாதா? பணம் அனுப்பினால் அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் போகுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் ஒருவருடைய வீட்டில் விஷயம் தெரிந்துபோனது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் கூப்பிட, 14416 எண்ணையும் கொடுத்துவிடுவேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை அது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

'ஆலோசனை' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் எல்லோரும் எதிர்பார்ப்பது புத்திமதியைத்தான். "பையன் தன்னைப் பொண்ணுங்கிறான். நாலு நல்ல வார்த்தை சொல்லி சரி பண்ணிடுங்க மேடம்" என்று ஒரு தகப்பனார் கையைக் கூப்பினார். அப்படி மாற்ற முயல்வதை 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்திருப்பதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அந்த உத்தரவைப் பிறப்பித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தவர் என்று சொன்னபோதுதான், "ஜட்ஜே போனாரா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று மூன்றைச் சொன்னார்: மனதில் ஒன்று, பேச்சில் ஒன்று என்று இல்லாதிருத்தல், நிபந்தனை போடாமல் ஏற்றல், எதிரில் இருப்பவர் இடத்திலிருந்து உணர்தல். படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது வழி சொல்லாமல் கூடவே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் தமிழ் எனக்குப் பெரிய துணை. 'நான்', 'நீங்க' இரண்டுக்கும் ஆண் பெண் கிடையாது. மாடியிலிருந்து பேசும் அவர், ஒரு மணி நேரம் முழுக்க எந்தப் பாலுக்குள்ளும் அடைபடாமல் பேசலாம். சிக்கல் அப்புறம், நான் குறிப்பு எழுதும்போது வரும். ஒருமுறை பழக்கத்தில் 'வந்தான்' என்று எழுதிவிட்டேன். அடித்து 'வந்தார்' என்று மாற்றினேன். அடுத்த வாரம் அவரிடமே கேட்டேன். "இப்போதைக்கு 'வந்தார்' போதும் மேடம்" என்றார்.

அவரிடம் நான் செய்த பெரிய தவறு மூன்றாவது அமர்வில் நடந்தது. "உங்களை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, கேட்குதா?" என்று மூன்று தடவை கேட்டேன். "கேட்குது மேடம். ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துக் காத்திருந்திருப்பேன். பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பேச்சு வராதபோது சாட்டில் ஒரு புள்ளி வைத்தால் போதும், 'இங்கேதான் இருக்கேன்' என்று அர்த்தம்.

போன வியாழக்கிழமை ஒரு புள்ளி வந்தது. நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒரு பெயர்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்."

சொல்வதற்குள் படியேறும் கொலுசுச் சத்தம். "சரி, நோட்ஸ் அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடக் கூடாது என்பது பேச்சு. ஒன்பதரை வரை அந்தத் திரையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.