12 சதவீத ஷெயர் 7 ஆனதும், அதுக்காகக் கொழும்புக்கு அலைஞ்சதும்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் சொந்தக்காரர் சேர்ந்து நடத்துற ஒரு சின்னக் கம்பனியில எனக்கு 12 சதவீத ஷெயர். லாபத்தில பங்கு கேட்டா டைரக்டர் மச்சான்மார் "இந்த வருசமும் நட்டம்" எண்டுவினம், அவையின்ர சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதைக்கூட விட்டிருப்பன். ஏஜிஎம்மில, அதுதான் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில, வோட் எண்ணேக்க என்ர பங்கு 7 எண்டு வருது, ஏன் எண்டு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

கம்பனி செக்ரட்டரியிட்ட மினிட்ஸ், அதுதான் கூட்டக் குறிப்பு, கேட்டன். "டைரக்டர்மாரிட்டக் கேட்டுச் சொல்லுறன் தம்பி" எண்டார், பிறகு ஃபோனே எடுக்கேல்லை. 2007 கம்பனிச் சட்டத்தில 119ஆம் பிரிவின்படி எழுத்தில கேட்டா ஷெயர்காரர் கூட்ட மினிட்ஸ் காட்டத்தான் வேணும், அதுக்கு டைரக்டர்மாரின்ர அனுமதி தேவையே இல்லை. அதால வாயால கேக்காதேங்கோ, பதிவுத் தபாலில கேளுங்கோ, தபால் துண்டைப் பத்திரமா வையுங்கோ. எனக்கு அந்தத் துண்டு பிறகு நல்லா உதவிச்சு.

செக்ரட்டரியை நம்பிக் குந்தியிராமல் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில காசு கட்டி கோப்பின்ர பிரதி எடுத்தன். ஃபோர்ம் 6இல புது ஷெயர் குடுத்தது இருக்கு, ஆனா ஆருக்கு எண்டு பாக்க வருடாந்த அறிக்கை, ஃபோர்ம் 15, வேணும். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தா முழுக்க மச்சான்மாருக்கே போயிருக்கு, அதாலதான் என்ர 12, 7 ஆச்சு! 53ஆம் பிரிவின்படி புது ஷெயரை இருக்கிற ஆக்களுக்கு அவையவையின்ர பங்குக்கேத்தமாதிரி முதல்ல நீட்டவேணும், ஆர்டிகல்ஸில, அதுதான் கம்பனியின்ர சொந்த விதிகளில, வேறமாதிரி எழுதியிருந்தாத் தவிர. அதால ஆர்டிகல்ஸும் சேர்த்தே எடுங்கோ. எங்கடையில அப்பிடி ஒண்டும் இல்லை, அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டன்.

அதுக்குப் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. ஊரில ஒரு லோயர் இங்கத்தை மாவட்ட நீதிமன்றத்திலயே போடலாம் எண்டு காசும் வாங்கி பிளெயிண்டும், அதுதான் வழக்குரை, எழுதினார், அது திரும்பி வந்திட்டுது. 224ஆம் பிரிவு, அதுதான் சிறுபான்மை ஷெயர்காரரை நசுக்கினாப் போடுற வழக்கு, கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்திலதான் போடவேணும், எங்கட மாகாணத்தில அந்த அதிகாரமுள்ள நீதிமன்றம் இல்லை. அதுக்குப் பிளெயிண்டும் இல்லை, பெட்டிசனும் சத்தியக் கடதாசியும்தான் குடுக்கவேணும். குடுத்த காசைத் திருப்பிக் கேட்டா "வேலை செய்தனான்தானே" எண்டுறார். வாக்குரிமையில 5 சதவீதம் ஆறு மாசமா வைச்சிருந்தா இந்த வழக்குப் போடலாம், நல்லவேளை என்னை 7இல விட்டிருந்தினம்.

பிறகென்ன, இரவு ரயில், கோட்டை, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடை. கொழும்பு லோயர் கேட்ட முதல் கேள்வியே "எழுத்தில கேட்டனீங்களா?" எண்டுதான், துண்டை நீட்டினன். இனிப் புது ஷெயர் குடுக்கக்கூடாது எண்டு இடைக்கால உத்தரவு கிடைச்சிட்டுது.

இப்ப மச்சான்மார் பெரியம்மாவைத் தூது விடினம், ஷெயரை வாங்கிறமாம், விலை தாங்களே சொல்லுவினமாம். வெளியால ஒரு கணக்காளர் மதிப்புப் போடட்டும், அதுவரைக்கும் வழக்கு வாபஸ் இல்லை எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறன்.