அந்த ஆறு நிமிடங்கள்

டொயோட்டா டிஎஸ்050 ஹைபிரிட் காரை நினைத்தாலே எனக்கு 2016 ஜூன் 19தான் கண்முன் வருகிறது. பிரான்ஸில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயம் முடிய ஆறு நிமிடம்தான் பாக்கி. முன்னால் போய்க்கொண்டிருந்த டொயோட்டாவின் 5ஆம் எண் காரிலிருந்து, பவர் இல்லை என்கிறது ஓட்டுநர் கசுகி நகாஜிமாவின் குரல். கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில், தன் அணியின் கண்ணெதிரிலேயே கார் நின்றுபோனது. போர்ஷே கடந்து போய் ஜெயித்தது.

அந்த வருடம்தான் இந்தக் காரே புதிது. பழைய வி8 எஞ்சினுக்குப் பதிலாக 2.4 லிட்டர் வி6 ட்வின் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் இரண்டு டர்போக்கள்), மின்சாரம் சேமிக்க சூப்பர் கெப்பாசிட்டருக்குப் பதிலாக லித்தியம் அயன் பேட்டரி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை முன்னும் பின்னும் இருக்கும் மோட்டார்கள் மின்சாரமாக்கி பேட்டரியில் சேமித்து, வளைவு முடிந்ததும் திருப்பித் தரும். இவ்வளவு நுட்பமும் சரியாகவே வேலை செய்தது. காலை வாரியது, டர்போவுக்கும் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் காற்றுக் குழாயில் இருந்த ஓர் இணைப்பு!

2017இல் டொயோட்டா ஓட்டுநர் கோபயாஷி தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 விநாடியில் சுற்றியதால் அவருடைய கார் முதலிடத்தில் தொடங்கியது, அப்போதும் வெற்றி இல்லை. அப்புறம் 2018. மாறி மாறி ஓட்டியது அலோன்சோ, புயெமி, நகாஜிமா. கடைசியில் காரை ஓட்டி வந்து முதலாவதாக முடிவுக்கோட்டைத் தாண்டியது அதே நகாஜிமா. இப்போதும் அந்தக் காட்சியைப் பார்த்தால் கண் கலங்குகிறது. 2019, 2020இலும் இதே கார்தான் ஜெயித்தது.