விண்டோவுக்குள் ஓர் ஆத்தங்குடித் தளம்

ஜூன் 9

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்கள் செய்யும் மாமாவின் டைல்ஸ் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "இந்தக் கல்ல எங்க வளவுல போட்டா எப்படி இருக்கும்?" (வளவு என்பது செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய பகுதி.) ஒற்றைக் கல்லைப் பார்த்து முழுத் தளத்தையும் மனதில் விரிப்பது லேசான வேலை இல்லை. அதற்காக ஜாவா நிரல்மொழியில் ஒரு புரோகிராம் தொடங்கியிருக்கிறேன். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் ஓரக்கல், மூலைக்கல், நடுக்கல் எல்லாம் திரையில் திறக்கும் விண்டோவில் அதனதன் இடத்தில் விழ வேண்டும்.

ஜூன் 10

காலையில் பட்டறையில் வெகுநேரம் நின்று பார்த்தேன். கண்ணாடிப் பலகை மேல் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சு. ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறச் சிமென்ட்டை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். மேலே சிமென்ட்டும் மணலும் கலந்த பொடி, அப்புறம் ஈரக் கலவை. அந்தக் கல் முகப்புக்குப் போகிறதா, இரண்டாம் கட்டுக்குப் போகிறதா என்று அச்சுக்குத் தெரியாது. நூல் பிடித்து இடம் சொல்வது கொத்தனார்.

கல்லுக்கான கிளாஸையும் (அதன் வேலையைச் சொல்லும் நிரல் பகுதி) அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கல் தன் பூவை 0,0 என்ற தன் இடது மேல் மூலையிலிருந்து வரையும், அவ்வளவுதான். 340, 220 என்று விண்டோவில் இடத்தைக் குறிக்கும் எண்களை உருவத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் அந்த உருவம் ஒரே இடத்துக்குத்தான் ஆகும். இடம் சொல்வது பேனலின் (விண்டோவுக்குள் வரைவதற்கான பலகை) வேலை: வரையும் கருவியான கிராஃபிக்ஸை கிரியேட் மூலம் ஒரு பிரதி எடுத்து, டிரான்ஸ்லேட் செய்து, அதாவது தொடக்கப் புள்ளியை நகர்த்தி, கல்லிடம் கொடுத்து, வரைந்ததும் டிஸ்போஸ் (பிரதியை விட்டுவிடுவது). ஒரு கல்லுக்காக நகர்த்தியது அடுத்த கல்லைத் தொடாது.

ஜூன் 12

கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன் லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, ரெண்டு உருவம் சேர்த்தேன், ஒண்ணுதான் தெரியுது."

ஜேஃப்ரேமில் (ஜாவாவின் விண்டோ) அப்படியே ஆட் செய்திருந்தான். அங்கே இருப்பது பார்டர்லேஅவுட்: நாலு பக்கம், ஒரு நடு என்று இடம் பிரிக்கும் முறை. எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் எல்லாம் நடுவுக்கே போகும், கடைசியாகச் சேர்த்ததற்கு மட்டும்தான் இடம் கிடைக்கும். சரி என்று இரண்டையும் ஒரு ஜேபேனலில் (ஜாவாவின் பேனல்) போட்டான். இப்போது இரண்டுமே பொட்டு மாதிரி. ஜேபேனலுக்கு இயல்பாக அமைவது ஃப்ளோலேஅவுட், வரிசையாக அடுக்கும் முறை. அது ஒவ்வொன்றிடமும் "உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்" என்று கேட்கும். அவன் உருவம் ஒவ்வொன்றும் ஒரு பேனல். உள்ளே எதுவும் சேர்க்காத பேனல் சொல்லும் பதில் 10க்கு 10 பிக்சல். அந்தப் பதிலைத் தரும் கெட்பிரிஃபர்ட்சைஸை நாமே எழுதி உண்மையான அளவைச் சொன்னதும் இரண்டும் முழுசாக வந்தன.

லேஅவுட்டையே எடுத்துவிட்டு இடத்தையும் அளவையும் நேராகச் சொல்லும் செட்பவுண்ட்ஸில் எண் போட்டுவிடலாமா என்று கேட்டான். போடலாம். ஆனால் விண்டோவை இழுத்துப் பெரிதாக்கினால் உருவம் பழைய இடத்திலேயே நிற்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. நூற்றுக்கணக்கான கற்கள் உள்ள தளத்துக்கு ஒவ்வொரு கல்லையும் தனி காம்பொனன்ட் (விண்டோவில் சேர்க்கும் உறுப்பு) ஆக்குவதும் வீண் சுமை. ஒரே பேனல், அது தன்னை வரையும் பெயின்ட்காம்பொனன்டுக்குள் கல் கல்லாகத் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப் போதும்.

ஜூன் 13

தளம் நடுவில் உட்கார வேண்டும். பேனலின் அகலத்திலிருந்து எல்லாக் கற்களின் மொத்த அகலத்தைக் கழித்துப் பாதியாக்கினால் இடது விளிம்பு. உயரத்துக்கும் அதே கணக்கு. அகலம், உயரம் சொல்லும் கெட்விட்த், கெட்ஹைட் இரண்டையும் வரையும்போதே கேட்க வேண்டும், பேனலை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டால் 0 தான் வரும். ஃப்ரேமின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் தலைப்புப் பட்டையும் அதில் சேர்ந்துவிடும், தளம் கீழே இறங்கி நிற்கும். பேனலுக்கு அளவைச் சொல்லி ஃப்ரேம் அதற்கேற்ப அமையும்படி பேக் செய்துவிட்டேன்.

ஜூன் 15

மூலைக்கல்தான் இந்த வேலையிலேயே அழகான இடம். ஒரே கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால் நாலு மூலையும் முடிந்துவிடும். முதலில் நகர்த்து, அப்புறம் சுழற்று. வரிசை மாறினால் எக்ஸ், ஒய் அச்சுகளே திரும்பிவிடும், வலப்பக்கம் போக வேண்டிய கல் கீழே போகும். சுழற்றுவதும் கல்லின் நடுவைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். மூலையைப் பிடித்து 90 டிகிரி சுழற்றினால் கல் இடப்பக்கத்துக் கட்டத்தில் போய் விழும். ஒய் அச்சு கீழ்நோக்கிப் போவதால் நேர்க்கோணம் கடிகார முள்ளின் போக்கில் திரும்புகிறது.

இன்னொன்று: கட்டத்தை நிரப்பும் ஃபில்ரெக்டுக்கு 60 கொடுத்தால் சரியாக 60 பிக்சல் நிரம்பும். ஓரக்கோடு மட்டும் வரையும் டிராரெக்டுக்கு 60 கொடுத்தால் கோடு 61ஆவது பிக்சலில் விழும். கற்களுக்கு இடையே கோடு பிசகாமல் இருக்க அங்கே 59.

ஜூன் 16

மாமா பார்த்தார். "ஓரத்த ரெண்டு வரிசையா காட்டுப்பா, பெரிய வளவுக்கு அதுதான் எடுப்பு" என்றார். கல் கிளாஸில் ஒரு வரி கூட மாறவில்லை. லூப்பில் ஒரு நிபந்தனை மட்டும் கூடியது. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் காட்டிவிட்டேன்.