இரண்டு வால்வுக்கு நடுவே

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஓடிக்கொண்டிருந்த ஒரு பாய்லருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. இரண்டின் ஸ்டீமும் ஒரே ஹெட்டரில், அதாவது பொதுவான ஒரு பெரிய பைப்பில், சேரவேண்டும். பைப்பிங் வரைபடம் என் பொறுப்பு. பழைய பாய்லரின் வரைபடத்தை எடுத்துவைத்து, அதில் இருந்தபடியே எந்த விதி எதுவரை என்று காட்டும் எல்லைக்கோட்டை, ஸ்டீமை அடைக்கும் முதல் ஸ்டாப் வால்வில் போட்டுவிட்டேன். அதுவரை, அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கமான ஏஎஸ்எம்இயின் பாய்லர் விதித்தொகுப்பு செக்‌ஷன் 1, அதற்கு அப்புறம் அவர்களுடைய பைப்பிங் விதித்தொகுப்பு பி31.1. விஷயம் முடிந்தது என்று நினைப்பு.

உண்மையில் பாய்லரின் உடம்பு அதற்கு முன்பே, முதல் வட்ட வெல்டிலோ முதல் ஃபிளேஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) முகத்திலோ முடிந்துவிடும். அங்கிருந்து ஸ்டாப் வால்வு வரை உள்ள பைப் ஒரு இரண்டுங்கெட்டான். தடிமன் கணக்கு, மெட்டீரியல், வெல்டிங் எல்லாம் பி31.1 சொல்கிறபடி. ஆனால் அதிகாரம் செக்‌ஷன் 1-இன் கையில். ஏஎஸ்எம்இ முத்திரை வாங்கிய கம்பெனிதான் செய்யவேண்டும், அங்கீகாரம் பெற்ற இன்ஸ்பெக்டர் பார்த்து டேட்டா ரிப்போர்ட் என்ற தயாரிப்புச் சான்றில் கையெழுத்துப் போடவேண்டும்.

பாய்லர் ஒன்றே ஒன்று என்றால் இந்த இரண்டுங்கெட்டான் பகுதி முதல் வால்வோடு சரி. மேன்ஹோல் உள்ள பாய்லர்கள் ஒரே ஹெட்டரில் சேர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் வால்வு வேண்டும், நடுவே தாராளமான டிரெயின் வேண்டும். ஒன்றை நிறுத்தி உள்ளே ஆள் இறங்கும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்குமே! ஹெட்டர் பக்க வால்வு கசிந்தாலும், ஸ்டீம் டிரெயின் வழியாக வெளியே போய்விடும். அது போவது வால்வைத் திருப்புகிறவர் கண்ணில் படவும் வேண்டும். ஆக, செக்‌ஷன் 1-இன் அதிகாரம் இரண்டாவது வால்வு வரை நீள்கிறது.

நான் இரண்டு வால்வையும் வரைந்திருந்தேன், டிரெயினையும்தான். எல்லைக்கோட்டை மட்டும் நகர்த்தவில்லை. வால்வுகளுக்கு நடுவில் இருந்த ஸ்பூல், அதாவது முன்கூட்டியே வெல்ட் செய்து வைக்கும் பைப் துண்டு, சாதாரண பைப்பிங் கணக்கில் போய், முத்திரை இல்லாத கான்ட்ராக்டர் கையில் தயாராகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்பூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெயிண்டில் எழுதிய எண்ணும் வெல்டரின் அடையாளமும் தவிர அதில் ஒன்றுமில்லை.

“ரேடியோகிராஃபி சுத்தமா இருக்கு சார்,” என்றேன்.

“வெல்டைக் குறை சொல்லலையே தம்பி. இது யார் கணக்கு?”

பதில் இல்லை. வெட்டி எடுத்தோம். முத்திரை உள்ள ஒரு பட்டறையில் புதிதாகச் செய்து, பைப்பிங்குக்கான டேட்டா ரிப்போர்ட்டான பி-4ஏ படிவத்தோடு அது வந்து சேர மூன்று வாரம்.

அதைவிட உறைத்தது பழைய பாய்லர்தான். அதற்கும் இரண்டாவது வால்வு போட்டாக வேண்டும். பக்கத்தில் ஒரு துணை வந்ததுமே, யாரும் தொடாமல் அதன் எல்லையும் தள்ளிப்போயிருக்கிறது. பழைய வரைபடத்தில் தப்பே இல்லை. அது வரையப்பட்டபோது பாய்லர் தனியாள்.

வெட்டி எடுத்த ஸ்பூல் ரொம்ப நாள் ஸ்டோர் வாசலில் கிடந்தது. டீ நேரத்தில் அதன்மேல் உட்காருவார்கள். நான் மட்டும் நின்றுகொண்டே குடிப்பேன்.