திருவதிகை: மாமா நடந்த பிராகாரம்

பண்ருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பலாப்பழ வாசனை. மே மாதம் அல்லவா, சாலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். ஆட்டோ பிடித்துத் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்று. நடை சாத்துவதற்குள் சுவாமியைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்.

பிராகாரத்தில் கல் கொதித்தது. குதிகாலை ஊன்ற முடியவில்லை. மதிலோரம் முழ அகலத்துக்குக் கிடந்த நிழலில் ஒண்டிக்கொண்டே நடந்தேன். அந்தப் பாட்டு தானாக வாயில் வந்தது.

"மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே."

சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அப்பரை நீற்றறையில் அடைத்தபோது அவர் பாடியது இது. ஏழு நாள் உள்ளே வைத்துப் பூட்டினார்கள் என்கிறது பெரியபுராணம். நீற்றறை என்றால் சுண்ணாம்புக் காளவாய். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவார்கள். பானையில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உஸ்ஸென்று சீறிக் கொதிக்கும். கிளிஞ்சல் ஒவ்வொன்றாக வெடித்து, பூத்து, மாவாகும். "கிட்ட வராதே, கண்ணு போயிடும்" என்று பாட்டி விரட்டுவார். ஒரு பானைக்கே அந்தச் சீற்றம்.

அந்தச் சூட்டுக்குள் இருந்தவர் பாடிய நாலு வரியில் நெருப்பு என்ற சொல்லே இல்லை. அரசன் பெயரும் இல்லை. வீணை, நிலா, தென்றல், வண்டு சுற்றும் குளம், கடைசியில் ஒரு நிழல். எந்த அறையில் அடைப்பது என்று மன்னன் முடிவு செய்தான். அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்பதை அப்பர்தான் முடிவு செய்தார். "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று அரசனின் ஆட்களிடமே சொன்னவர், அதை உள்ளே போயும் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

யானையை ஏவியபோதும் இப்படித்தான். "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை" என்ற பதிகத்தில், தன் இறைவனுக்கு உரியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி வரும்போது கெடில ஆற்றையும் சேர்த்துக்கொள்கிறார். அது அவர் ஊர்ப்பக்கத்து ஆறு. மிதிக்க வரும் யானைக்கு முன்னால் நின்றுகொண்டு தன் ஆற்றுத் தண்ணீரை நினைக்கிறார்! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

இதெல்லாம் எனக்கு வெறும் புராணமாக நின்றுவிடாததற்கு என் பெரிய மாமாதான் காரணம். கட்சிக்காரர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், மிசா சட்டத்தில் பிடித்துச் சிறைக்குக் கொண்டு போனார்கள். விசாரணை கிடையாது, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. உள்ளே அவர் தினமும் காலையில் இந்தக் கோயிலுக்கு வந்தாராம். கண்ணை மூடிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார், கோபுரத்தைக் கடப்பார், பதினாறு பட்டை லிங்கத்தின் முன் நிற்பார். அவசரமே படமாட்டார். திரும்பி வரும்போது அப்பரின் அக்கா திலகவதியார் சந்நிதியில் கொஞ்சம் உட்காருவார்.

ஏன் அங்கே என்று கேட்டிருக்கிறேன். "அந்தம்மா காத்திருந்தவங்கடா" என்றார். நிச்சயித்த மணமகன் கலிப்பகையார் போரில் இறந்தபின் உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக வாழ்ந்தார். தம்பி சமணத்துக்குப் போய்விட்ட பிறகும் இந்தக் கோயிலைப் பெருக்கி, மெழுகி, அவர் திரும்பி வருவார் என்றே இருந்தார். சூலை நோயோடு வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்தவர் அவர்தான். அப்பருக்கு அந்தத் தைரியம் இந்த அக்காவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்கிறார்கள். கடைசியில் அவனே சிவனடியாராகி, திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலைக் கட்டினான் என்று சேக்கிழார் பாடுகிறார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

மாமாவுக்கு உள்ளே ஒரே ஒரு குறை. வாசலிலிருந்து கொடிமரம் வரை எத்தனை அடி என்று சரியாக நினைவு வரவில்லை. ஒரு நாள் நாற்பது வரும், இன்னொரு நாள் ஐம்பது தாண்டும். 1977 ஜனவரியில் விட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். எத்தனை என்று எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. "நீயே போய் நடந்து பாரு" என்பார்.

தரிசனம் முடிந்து வாசலுக்கு வந்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கினேன். பாதி வழியில் உள்ளேயிருந்து ஓதுவார் குரல் கேட்டது. நின்றுவிட்டேன், எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடியும் வாசலுக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.